மதிலும் அதற்கு முந்திய துறையும்: காலிக் கோட்டை நகரைக் களமாக வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

இலங்கையின் தென்மேற்குக் கரையில் உள்ள காலி, மதில் சூழ்ந்த கடற்கரை நகரங்களுள் இன்றும் முழுமை குன்றாது நிற்கும் ஒன்றாகும். 1988-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இந்நகரின் வரலாறு, பெரும்பாலும் போர்த்துக்கேயர் வருகையோடு தொடங்குவதாகவே பார்வையாளர்க்கு எடுத்துரைக்கப்படுகிறது. மதிலின் அமைப்பும் பார்வையாளர் செல்லும் வழியும் இக்கருத்தை வலுப்படுத்துகின்றன. இபின் பதூதாவின் பயணக்குறிப்பு, காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு, கோட்டைக்குள் வாழும் தமிழ் பேசும் சோனகரின் இருப்பு ஆகிய மூன்று சான்றுகளின் துணைகொண்டு, மதிலுக்கு முந்திய துறையையும் மதிலுக்குள் தொடர்ந்த மொழியையும் இக்கட்டுரை அடையாளப்படுத்துகிறது. அவ்வடிப்படையில் கோட்டை நகரைக் காணச் செல்லும் ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க கள வாசிப்பு முறை ஒன்றையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: காலிக் கோட்டை, மும்மொழிக் கல்வெட்டு, தெனவரை நாயினார், ஒல்லாந்தர், சோனகர், கள ஆய்வு.

1. முன்னுரை

மதில் சூழ்ந்த நகரம் எதுவாயினும் அதனைக் காண வருவோர்க்கு அதன் வாயிலே வழியை வகுத்துத் தருகிறது. வாயிலில் நுழைந்து, மதில்மேல் ஏறி, கொத்தளங்களைச் சுற்றி வந்து, தேவாலயத்தையும் அருங்காட்சியகத்தையும் கண்டு, புகுந்த வாயிலின் வழியே வெளியேறுதல் இத்தகைய நகரங்களில் வழக்கமான பயண ஒழுங்கு. காலியிலும் இதுவே நிகழ்கிறது. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும் இச்சுற்றில் பார்வையாளர் காண்பவை 17, 18, 19-ஆம் நூற்றாண்டுகளின் கட்டடங்கள். ஆதலால் அவர் மனத்தில் பதியும் வரலாறும் அந்நூற்றாண்டுகளுக்கு உரியதாகவே அமைந்துவிடுகிறது.

யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் காலிக்கு வழங்கப்பட்டுள்ள அறிமுகக் குறிப்பு, இந்நகர் 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரால் நிறுவப்பட்டது என்றே தொடங்குகிறது. கோட்டை நகர் என்ற அளவில் இக்கூற்று பிழையன்று. ஆனால் கோட்டை எழுவதற்குக் காரணமாயிருந்த துறைமுகம் கோட்டையினும் பழமையானது. கோட்டையின் தோற்றத்தை ஊரின் தோற்றமாகக் கொள்ளும்போது, இரண்டு நூற்றாண்டுகளுக்கேனும் முற்பட்ட கடல் வணிக வரலாறு பார்வையிலிருந்து மறைகிறது. அவ்வரலாற்றில் தமிழுக்கு இருந்த இடமும் உடன் மறைகிறது.

காலியைக் காணச் செல்பவர் எவற்றைக் காண வேண்டும், எந்த வரிசையில் காண வேண்டும் என்பது சுற்றுலா நூல்களுக்கு மட்டும் உரிய வினா அன்று. எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்னும் தெரிவு, எந்தக் காலத்திலிருந்து வரலாறு தொடங்குகிறது என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. எனவே இவ்வினா வரலாற்று வரைவியல் சார்ந்ததாகும்.

2. மதிலுக்கு முந்திய துறை

காலி விரிகுடா இந்தியப் பெருங்கடலின் கிழக்கு மேற்குக் கடல்வழியை ஒட்டி அமைந்தது. அரபிக்கடல் துறைகளிலிருந்து வங்கக் கடலுக்கும் அதற்கு அப்பாலும் செல்லும் கலங்கள் இலங்கையின் தென்முனையைச் சுற்றியே சென்றன. பருவக்காற்று மாறும்வரை காத்திருக்கவும், நன்னீரும் உணவும் ஏற்றிக்கொள்ளவும் இக்கரையின் துறைகள் பயன்பட்டன.

1344-ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, தென்முனையில் உள்ள தீனவர் என்னும் பெருநகரையும் அதற்கு அடுத்துக் காலி என்னும் சிற்றூரையும் குறிப்பிடுகிறார். தீனவர் என்பது இன்றைய தேவிநுவர. அங்கிருந்த பெருங்கோயிலையும் அதில் வழிபாடு நிகழ்த்திய பிராமணரையும் யோகிகளையும் ஆடல் மகளிரையும் அவர் விவரிக்கிறார். காலியிலோ இப்ராகிம் என்னும் முஸ்லிம் கப்பல் தலைவர் ஒருவர் அவரை வரவேற்று விருந்தளித்தார். 

இச்சிறு குறிப்பிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, போர்த்துக்கேயர் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே காலி பெயர் பெற்ற துறையாக இருந்தது. மற்றொன்று, அத்துறையில் கடலோடும் முஸ்லிம் ஒருவர் வாழ்ந்தார். தேவிநுவரவில் கோயிலும் காலியில் கப்பல் தலைவருமாக அமைந்த இக்காட்சி, தென்கரையில் வழிபாட்டு மையமும் வணிகத் துறையும் அடுத்தடுத்து இயங்கியதைக் காட்டுகிறது.

3. மும்மொழிக் கல்வெட்டு

காலியின் வரலாற்றில் தமிழ் ஆய்வாளர்க்கு நேரடியாக உரிய சான்று மும்மொழிக் கல்வெட்டாகும். 1911-இல் மாகாணப் பொறியாளராக இருந்த டொமலின் என்பவர், காலி நகரில் கிரிப்ஸ் வீதி திரும்பும் இடத்தருகே இருந்த மதகு ஒன்றில் இக்கல்லைக் கண்டெடுத்தார். எழுத்துப் பக்கம் கீழ்நோக்கியிருக்க, மதகை மூடும் பலகையாக அது வைக்கப்பட்டிருந்தது. மூன்று மொழிகளில் மூன்று சமயத்தார்க்காகப் பொறிக்கப்பட்ட அரசாணை ஒன்று, வாய்க்காலின் மேல்மூடியாகக் கிடந்தது. இப்போது அக்கல் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

கல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரமுடையது. மேற்பகுதி வளைவாகச் செதுக்கப்பட்டு, ஒன்றையொன்று நோக்கும் இரண்டு கடல்நாகங்களின் உருவம் அதில் அமைந்துள்ளது. வலப்புறம் சீன எழுத்துகள் மேலிருந்து கீழாகச் செல்கின்றன. இடப்புறத்தின் மேற்பகுதியில் தமிழும் கீழ்ப்பகுதியில் பாரசீகமும் உள்ளன. பாரசீகப் பகுதியே மிகுதியாகச் சிதைந்துள்ளது. தமிழ்ப் பகுதியைப் படித்து எபிகிராபியா செய்லானிக்கா மூன்றாம் தொகுதியில் வெளியிட்டவர் எஸ். பரணவிதான.

மிங் அரச மரபின் யுங் லோ பேரரசரது ஆட்சியின் ஏழாம் ஆண்டு, அதாவது 1409, இதில் குறிக்கப்படுகிறது. செங் ஹே தலைமையில் வந்த கப்பற்படையோடு தொடர்புடையது இக்கல். படை புறப்படுமுன் சீனாவிலேயே பொறிக்கப்பட்டுக் கொண்டுவரப்பட்டது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கல்வெட்டின் தனித்தன்மை அதன் உள்ளடக்க அமைப்பில் உள்ளது. சீனப் பகுதி புத்தரைப் போற்றி அவர்க்கு அளித்த காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது. தமிழ்ப் பகுதி தெனவரை நாயினாரைப் போற்றிக் காணிக்கைகளைக் கூறுகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாமிய நெறி சார்ந்து அமைகிறது. போற்றப்படும் தெய்வம் மொழிக்கு மொழி மாறினாலும் காணிக்கைப் பட்டியல் பெரும்பாலும் ஒத்திருக்கிறது. பொன் 1000, வெள்ளி 5000, பலவண்ணப் பட்டுகள், நறுமண எண்ணெய், விளக்குகள் எனப் பட்டியல் தொடர்கிறது.

எனவே இதனை ஒரே செய்தியின் மூன்று மொழிபெயர்ப்புகள் எனக் கொள்வது பொருந்தாது. மூன்று சமூகத்தாரை நோக்கித் தனித்தனியே விடுக்கப்பட்ட மூன்று அறிவிப்புகள் ஒரே கல்லில் இடம்பெற்றுள்ளன என்பதே பொருந்தும்.

இங்கு எழும் முதன்மையான வினா, சிங்கள அரசர் ஆண்ட தென்னிலங்கையில் நிறுவப்படுவதற்குரிய கல்லில் சிங்களம் இடம்பெறாமல் தமிழ் இடம்பெற்றது எதனால் என்பதாகும். தென்பகுதி மக்களின் பெரும்பான்மை மொழி தமிழாயிருந்தது என்று இதிலிருந்து முடிவு செய்ய இயலாது. கல்வெட்டின் மொழித் தெரிவு உள்ளூர் மக்கள்தொகையைச் சார்ந்தது அன்று; துறைக்கு வந்து சென்றோரையும் கோயிலோடு தொடர்புடையோரையும் சார்ந்தது. பாரசீகம் மேற்குக் கடல்வழி வணிகரின் பொதுமொழி. தமிழ் வங்கக் கடலிலும் தென்னிலங்கைக் கரையிலும் வணிகத்திற்கும் வழிபாட்டிற்கும் உரிய மொழியாக விளங்கியது. 11 முதல் 13-ஆம் நூற்றாண்டுவரை இலங்கையில் ஐந்நூற்றுவர் முதலிய வணிகக் குழுக்கள் தமிழில் கல்வெட்டுகளைப் பொறித்தமை இம்மரபின் முற்பகுதியாகும்.

தென்பகுதியிலேயே இதற்குத் துணைச்சான்று உண்டு. மாத்தறைக்கு அருகில் நாய்மனையில் கிடைத்த ஆறாம் பராக்கிரமபாகு காலத்துக் கல்வெட்டு சிங்களத்தோடு தமிழிலும் அமைந்தது. 15-ஆம் நூற்றாண்டில் அப்பகுதியின் அறக்கொடை ஒன்றைப் பதிவு செய்ய அரசு தமிழையும் தேவையாகக் கருதியது என்பதை இது காட்டுகிறது. இவ்விரு கல்வெட்டுகளையும் சேர்த்து நோக்கும்போது, தென்கரையில் தமிழின் வழக்கு தற்செயலான ஒன்றாகத் தோன்றவில்லை.

மும்மொழிக் கல்லைப் பற்றிய ஒரு வரையறையையும் கூறுதல் வேண்டும். தமிழ்ப் பகுதி தேவிநுவரவின் தெய்வத்தை விளிப்பதால், கல் முதலில் அங்கு நிறுவப்பட்டுப் பின்னர்க் காலிக்குக் கொண்டுவரப்பட்டிருக்கலாம் என்ற கருத்து உண்டு. 1588-இல் போர்த்துக்கேயர் தேவிநுவரக் கோயிலை அழித்தனர் என்பது இக்கருத்துக்கு இடம் தருகிறது. இக்கருத்தை ஏற்றால், கல் காலித் துறையின் சான்றாவதினும் தென்கரை முழுவதற்குமான சான்றாகிறது. எவ்வாறாயினும், காலியின் மதில் எழுமுன் அக்கரையில் நிலவிய பன்மொழிச் சூழலுக்கு அது அழியாத ஆவணம் என்பதில் மாற்றம் இல்லை.

கல்வெட்டின் அமைதியான தொனி அக்காலத்தின் முழு நிலையைக் கூறவில்லை. 1411-இல் செங் ஹேயின் படை இலங்கையின் வலிமைமிக்க தலைவன் அழகக்கோனாரைச் சிறைபிடித்துச் சீனாவிற்குக் கொண்டுசென்றதாக மிங் ஆவணங்கள் தெரிவிக்கின்றன. மூன்று தெய்வங்களுக்கும் காணிக்கை அளித்த அதே கப்பற்படை போரும் நிகழ்த்தியது. கடல் வணிகமும் கடல் வலிமையும் இணைந்தே வருதல் ஐரோப்பியர் வருகைக்குப் பின் தோன்றிய புதுமை அன்று என்பதற்கு இது சான்று.

4. மதில் எழுந்த முறை

போர்த்துக்கேயர் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரையை அடைந்தனர். அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சீதாவாக்கை அரசின் நெருக்குதல் மிகுந்தபோது காலிக் குடாமுனையில் அரண் அமைத்தனர். மூன்று பக்கமும் கடலும் பாறையும் சூழ்ந்த நிலமாதலின், நிலப்பக்கத்தை அடைப்பதே அவர்களின் முதன்மை நோக்கமாக இருந்தது. கடலாதிக்கம் தம்மிடம் இருந்த காலத்தில் கடற்பக்கத்தை அவர்கள் அஞ்சவில்லை.

1640 மார்ச் மாதத்தில் வில்லெம் யாக்கப்சோன் கொஸ்டர் தலைமையில் வந்த ஒல்லாந்தர் காலியைக் கைப்பற்றினர். 1656-இல் கொழும்பு வீழும்வரை இலங்கையில் அவர்களின் தலைமையிடமாகக் காலியே விளங்கியது. ஐரோப்பியப் பகைவர் கடல்வழியே வரக்கூடும் என்பதை உணர்ந்த ஒல்லாந்தர், 17-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து குடாமுனை முழுவதையும் மதிலால் சூழத் தொடங்கினர். பவளக்கல்லும் கருங்கல்லும் கொண்டு எழுந்த அம்மதிலில் 14 கொத்தளங்கள் அமைந்தன. அதனுள் அடங்கிய நிலப்பரப்பு 52 ஹெக்டேர்.

மதிலின் வேறுபட்ட தடிப்பே அச்சத்தின் திசையைக் காட்டுகிறது. வடக்கே நிலப்பக்கத்தில் நட்சத்திரம், நிலா, ஞாயிறு எனப் பெயர் பெற்ற மூன்று பெருங்கொத்தளங்கள் உயர்ந்து நிற்கின்றன. தெற்கே பாறைகளே பாதி அரணாகும் இடங்களில் மதில் தாழ்ந்து செல்கிறது. கிழக்கே துறையை நோக்கிய பக்கத்தில் பழைய வாயிலும் பெரும் பண்டகசாலையும் ஒன்றாக அமைந்துள்ளன. கறுவாவும் பிற சரக்குகளும் தாயகம் திரும்பும் கப்பல்களில் ஏற்றப்பட்ட துறை இதுவாதலின், கம்பனியின் கோட்டையில் வாயிலும் கிடங்கும் ஒரே கட்டடத்தின் இரு செயல்களாயின.

5. மதில்மேல் வாசிக்கத்தக்கவை

காலியின் வாயில்கள் இரண்டும் இருவேறு காலத்தவை. பார்வையாளர் பெரும்பாலோர் நுழையும் பெருவாயில் நிலாக் கொத்தளத்திற்கும் ஞாயிற்றுக் கொத்தளத்திற்கும் இடையே 1873-இல் ஆங்கிலேயரால் திறக்கப்பட்டது. பழைய வாயில் கிழக்கே, கறுப்புக் கொத்தளம் எனப்படும் சுவார்ட் கொத்தளத்தின் பக்கமாக உள்ளது. அதன் உட்புறத்தில் இரண்டு சிங்கங்கள் தாங்கும் கம்பனிச் சின்னமும் அதன்மேல் சேவலும் 1669 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. வெளிப்புறத்தில் ஆங்கிலேய அரசச் சின்னம் உள்ளது. வாயில் ஒன்றுதான், புகுவோர் காண்பது ஓர் அரசு, வெளியேறுவோர் காண்பது மற்றோர் அரசு.

சேவற் சின்னமும் ஆய்வுக்குரியது. சேவலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல் ஊரின் பெயரோடு ஒலியொப்புமை உடையது. அவ்வொலியொப்புமையே சின்னமாயிற்று. ஆனால் இபின் பதூதாவின் குறிப்பில் ஊர்ப்பெயர் முன்னமே இடம்பெற்றிருத்தலின், பெயர் சேவலிலிருந்து வந்ததாகக் கூறும் வழக்குக் கதை நிலைபெறாது. சின்னம் பெயரைப் பின்பற்றியது என்பதே முறை.

கிழக்கு மதிலில் உள்ள அக்கர்ஸ்லூட் கொத்தளம் கொஸ்டர் பிறந்த ஊரின் பெயரைத் தாங்குகிறது. தென்கிழக்கே உட்ரெக்ட் கொத்தளத்தில் 1939-இல் எழுந்த கலங்கரை விளக்கம் நிற்கிறது. தென்முனையில் உள்ள கொடிப்பாறை, துறைக்குள் நுழையும் கலங்களுக்கு நீருக்குள் மறைந்த பாறைகளைப் பற்றி எச்சரித்த இடம். மேற்கே டிரைடன் கொத்தளத்தில் காற்றாலை ஒன்று கடல்நீரை ஏற்றியது. கோட்டையின் நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாய்கள் கடல்நீரால் கழுவப்பட்டன. மதில் கடலைத் தடுத்ததோடு அமையாது கடலைப் பணிகொள்ளவும் செய்தது என்பதை இவ்வமைப்பு உணர்த்துகிறது.

மதிலிலிருந்து கீழே தெரியும் துறைநீரும் ஆவணமே. 1659-இல் ஆவொன்ட்ஸ்டர் என்னும் கம்பனிக் கப்பல் காலித் துறையில் மூழ்கியது. 1990-களில் கண்டறியப்பட்டு 2001 முதல் அகழாய்வு செய்யப்பட்ட அக்கலம், இலங்கையின் கடல்சார் தொல்லியலுக்குப் பயிற்சிக் களமாக அமைந்தது. மதில்மேல் நிற்பவர் கட்டடங்களின் பக்கம் மட்டும் திரும்பினால் வரலாற்றின் ஒரு பாதியையே காண்பார்.

6. மதிலுக்குள்: தெருப்பெயர்களும் மக்களும்

கோட்டைக்குள் தெருக்கள் நேர்கோடுகளாக வகுக்கப்பட்டுள்ளன. அவற்றின் பெயர்கள் தொழில்களையும் நிறுவனங்களையும் நினைவூட்டுகின்றன. லெயின் பான் என்பது ஒல்லாந்த மொழியில் கயிறு திரிக்கும் நெடுவெளியைக் குறிக்கும். மருத்துவமனை, தேவாலயம் ஆகியவற்றின் பெயரால் அமைந்த தெருக்களும் உண்டு. இன்று பெட்லர் வீதி எனப்படும் தெரு, ஒல்லாந்தர் காலத்தில் சோனகச் சில்லறை வணிகரின் தெரு என்னும் பொருள் தரும் பெயரைப் பெற்றிருந்தது.

இப்பெயர் இக்கட்டுரையின் நோக்கிற்கு இன்றியமையாதது. கம்பனி நிர்வாகம் சோனகரின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஆணைகளைப் பலமுறை பிறப்பித்தது. ஆயினும் கம்பனியின் நகரிலேயே ஒரு தெரு அவர்கள் பெயரால் வழங்கியது. ஆணைகள் மறுத்ததைத் தெருப்பெயர் ஒப்புக்கொள்கிறது. காலிச் சோனகரின் வீட்டுமொழி தமிழ். கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய தமிழகக் கடற்கரை ஊர்களோடு தென்னிலங்கை முஸ்லிம்கள் கொண்டிருந்த சமய, வணிகத் தொடர்பு நெடியது. அரபுத் தமிழ் என்னும் எழுத்துமுறை இரு கரைகளுக்கும் பொதுவாக வழங்கியது.

கலங்கரை விளக்கத்திற்கு எதிரே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல், தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு ஐரோப்பியத் தேவாலயம் போலவே தோன்றும். 1755-இல் நிறைவுற்ற ஒல்லாந்தப் பெருந்தேவாலயத்தின் முகப்போடு இதனை ஒப்பிடுவது பயனுடையது. தேவாலயத்தின் தரையில் பதிக்கப்பட்ட கல்லறைக் கற்கள் கம்பனி அதிகாரிகளின் பெயர்களையும் குடிச்சின்னங்களையும் காத்து வைத்துள்ளன. பள்ளிவாசலைச் சூழ்ந்த குடும்பங்களின் வரலாற்றுக்கோ அத்தகைய கற்கள் இல்லை. அது உறவுமுறைகளிலும் வீட்டு ஆவணங்களிலும் பேச்சுவழக்கிலும் தங்கியுள்ளது. முன்னது கல்லாதலால் காக்கப்படுகிறது. பின்னது மக்கள் இடம்பெயரும்போது உடன் பெயர்ந்துவிடும்.

இவ்விடர்ப்பாடு கற்பனை அன்று. 21-ஆம் நூற்றாண்டில் கோட்டைக்குள் இருந்த வீடுகள் பல விடுதிகளாகவும் உணவகங்களாகவும் கடைகளாகவும் மாறியுள்ளன. வீட்டின் முகப்பும் தூண்களும் சட்டப்படி காக்கப்படுகின்றன. அவ்வீட்டில் வழங்கிய மொழியைக் காக்கும் விதி எதுவும் இல்லை. கோட்டைக்குள் தமிழின் தொடர்ச்சியை ஆராய விரும்புவோர்க்குக் காலம் குறுகிக்கொண்டிருக்கிறது.

7. மதில் நிலைத்ததன் காரணம்

1796 பிப்ரவரியில் காலி ஆங்கிலேயர் வசமாயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் முதல் முக்காற் பகுதியில் நீராவிக் கப்பல்களின் தங்கு துறையாகக் காலி செழித்தது. ஆனால் அதன் விரிகுடா மறைபாறைகள் நிறைந்தது. தென்மேற்குப் பருவக்காற்றுக்குத் திறந்தது. 1875-இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1885-இல் அது நிறைவுற்றபின் கப்பல்கள் கொழும்பை நாடின. காலியின் துறை தளர்ந்தது.

இத்தளர்ச்சியே மதிலைக் காத்தது எனலாம். வளரும் துறைமுக நகரங்கள் தம் மதில்களைத் தாமே இடித்தன. கொழும்புக் கோட்டையின் அரண்கள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நகர விரிவுக்காக அகற்றப்பட்டன. காலிக்கு அத்தேவை எழவில்லை. இன்று முழுமையாகக் காணப்படும் மதில், ஒல்லாந்தரின் வலிமைக்கு எவ்வளவு சான்றோ அவ்வளவு 19-ஆம் நூற்றாண்டு வணிகச் சரிவுக்கும் சான்று.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது மதில் மற்றொரு பணி செய்தது. கோட்டைக்குள் இருந்த பகுதி பெரும்பாலும் தப்பியது. மதிலுக்கு வெளியே பேருந்து நிலையமும் கடைவீதியும் விளையாட்டரங்கும் பேரழிவுக்குள்ளாயின. துறைநீரிலிருந்து மீட்ட பொருள்களைப் பேணிவந்த கடல்சார் தொல்லியல் பணியிடமும் தப்பவில்லை. பீரங்கிகளுக்காக எழுந்த மதில் மூன்று நூற்றாண்டுகளின் பின் அலைக்கு எதிராக நின்றது. ஆயினும் அது காத்தது தன்னுள் இருந்தோரை மட்டுமே.

8. கள வாசிப்பு முறை

மேற்கூறியவற்றின் அடிப்படையில், காலியைக் காணச் செல்லும் ஆய்வாளரும் மாணவரும் வழக்கமான பயண ஒழுங்கை மாற்றிக்கொள்வது பயன்தரும்.

முதலாவதாக, காலிக்குச் செல்லுமுன் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் மும்மொழிக் கல்லைக் காணுதல் வேண்டும். அச்சிட்ட வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மொழிகள் கல்லில் இடம்பெற்றுள்ள முறையை நேரில் நோக்கினால், சீனமும் தமிழும் பாரசீகமும் பெற்ற இடப்பகிர்வு விளங்கும்.

இரண்டாவதாக, தேவிநுவரவையும் காலியையும் ஒரே களமாகக் கொள்ளுதல் வேண்டும். கோயில் நகரையும் துறையையும் பிரித்து நோக்கினால் கல்வெட்டின் தமிழ்ப் பகுதி பொருளற்றதாகிவிடும்.

மூன்றாவதாக, கோட்டைக்குள் பெருவாயிலால் நுழையாமல் பழைய வாயிலால் நுழைதல் நன்று. துறையிலிருந்து நகருக்குள் சரக்கும் மனிதரும் சென்ற வழி அதுவே. வாயிலின் வெளிச்சின்னத்தையும் உட்சின்னத்தையும் ஒருங்கே ஒப்பிட்டுப் பார்த்தபின், பண்டகசாலையில் அமைந்துள்ள கடல்சார் அருங்காட்சியகத்தைக் காணலாம்.

நான்காவதாக, மதில்மேல் செல்லும்போது ஒவ்வொரு கொத்தளமும் எத்திசையை நோக்குகிறது, அத்திசையில் எப்பகையை எதிர்பார்த்தது என்பதைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். கொத்தளப் பெயர்களை மட்டும் பட்டியலிடுவதைவிட இது பயனுடையது.

ஐந்தாவதாக, தெருப்பெயர்களின் பழைய வடிவங்களை ஒல்லாந்தர் கால ஆவணங்களோடு ஒப்பிடுதல் வேண்டும். இலங்கைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள காலி நிர்வாக ஆவணங்களும் தோம்புகள் எனப்படும் நிலப்பதிவேடுகளும் இதற்கு உதவும்.

ஆறாவதாக, கோட்டைக்குள் வாழும் தமிழ் பேசும் குடும்பங்களின் வாய்மொழி வரலாற்றை அவர்களின் இசைவோடு பதிவு செய்தல் வேண்டும். ஊர்வழக்குச் சொற்கள், கடலோடிச் சொற்கள், திருமண உறவு கொண்ட ஊர்களின் பெயர்கள், வீடுகளில் பேணப்படும் அரபுத் தமிழ்ச் சுவடிகள் ஆகியன முன்னுரிமை பெறத்தக்கன. பிற பணிகளைப் பின்னரும் செய்யலாம். இப்பணியைத் தள்ளிவைக்க இயலாது.

9. முடிவுரை

காலியின் மதில் ஐரோப்பியக் கோட்டைக் கலையின் சிறந்த எடுத்துக்காட்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் மதிலின் வயதை ஊரின் வயதாகக் கொள்வது பொருந்தாது. 1344-இல் ஒரு முஸ்லிம் கப்பல் தலைவர் விருந்தளித்த துறை, 1409-இல் தமிழையும் பாரசீகத்தையும் அறிந்தோர்க்காகச் சீனப் பேரரசு கல் பொறித்த கரை, ஒல்லாந்தர் காலத்தில் சோனக வணிகரின் பெயரால் தெரு வழங்கிய கோட்டை ஆகிய மூன்றும் ஒரே தொடர்ச்சியின் மூன்று நிலைகளாக நோக்கத்தக்கன. இத்தொடர்ச்சியில் தமிழ், ஆட்சி மொழியாக அன்றிக் கடல்வழியின் மொழியாகவும் வழிபாட்டின் மொழியாகவும் பின்னர் வீட்டின் மொழியாகவும் நிலைத்துள்ளது.

மும்மொழிக் கல் மதகிலிருந்து மீட்கப்படாதிருந்தால் இத்தொடர்ச்சியின் நடுக்கண்ணி இன்று அறியப்பட்டிருக்காது. எழுத்துப் பக்கம் கீழ்நோக்கி இருந்தமையால் அது தேயாமல் தப்பியது; அதே காரணத்தால் நெடுங்காலம் காணப்படாமலும் கிடந்தது. கோட்டைக்குள் வழங்கும் தமிழும் இன்று அந்நிலையிலேயே உள்ளது. அதனைப் பதிவு செய்தல், மதிலைச் சுற்றி வரும் ஆய்வாளர் கொள்ள வேண்டிய அடுத்த பணியாகும்.